இரண்டு மீட்டர் பத்து

சூவா
11 ஜனவரி 1994

என் மாமன் மகள் டோரிகாவுக்கு, நாகாவிகா ஊர் வாயாடிகள் சங்கத் தலைவிக்கு,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. விலாங்கு தின்று தின்று கை வழுக்குகிறதா, பேனா பிடிக்க முடியவில்லையா? நம் வெள்ள எச்சரிக்கை அலுவலகத்தில் உன் நாற்காலியில் இப்போது அச்சுத்தாள் பெட்டிகளை அடுக்கியிருக்கிறோம். உன்னைவிட அவை அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நீ போனாலும் நம் நிரல் பிள்ளைகள் இரண்டும் ஒழுங்காக ஓடுகின்றன. கால் மணிக்கு ஒரு தரம் என் நிரல் உன் நிரலை எழுப்புகிறது. உன் நிரல் உங்கள் ஊர்ப் பாலத்துக் கம்பத்தை ரேடியோவில் கூப்பிட்டு ஆற்றின் உயரத்தைக் கேட்டுச் சொல்கிறது. என்னுடையது அந்த எண்ணைக் குழாய் வழியாக வாங்கிக் கோடு வரைகிறது. ஐந்து மீட்டரைத் தாண்டினால் உங்கள் பள்ளிக்கூடத்துக் கூரையில் சங்கு அலறும். யாரும் எதையும் தொட வேண்டாம். நம் அலுவலகப் பெரியவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படுகிறார்.

அம்மா எப்படி இருக்கிறாள்? கரையோர வீட்டை விட்டு மேலே வரச் சொல்லிப் பத்து வருடமாகக் கெஞ்சுகிறேன். நீயாவது சொல்லு. ஊர்த்தலைவர் வீட்டு ரேடியோ போனில் கூப்பிட்டால் எப்போதும் யாரோ இருமுகிறார்கள், அம்மாவைக் கூட்டி வருவதற்குள் மின்கலம் செத்துவிடுகிறது.

நீ ஏன் போனாய் என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடப் போயிருக்கிறாள், ஆற்றில் ஒருத்தனும் சிக்கவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

கிட்டியோனி


நாகாவிகா
14 ஜனவரி

அத்தை பெற்ற ரத்தினமே,

நான் ஏன் போனேன் என்று உனக்குத் தெரியாதா? அக்டோபர் மாதம், இந்தத் திட்டத்துக்குப் பணம் கொடுத்த நாட்டுக்காரர்கள் பன்னிரண்டு பேர் திரையைச் சுற்றி நின்றார்களே, நினைவிருக்கிறதா? உன் அழகான கோட்டுக்கு நடுவில் என் நிரலின் புலம்பல் வரிகள் வந்து விழுந்தன. ஒருவர் "இது என்ன?" என்று கேட்டார். நீ என்ன சொன்னாய்?

"இவங்க எழுதின ப்ரோகிராம் சார் அது. எழுதினவங்க மாதிரியே தான். கேட்டாலும் கேக்காட்டியும் புலம்பிட்டே இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை மகன் கேலி செய்தால் மாமன் மகள் சிரித்தாக வேண்டும், முகம் சுளித்தால் ஊரே என்னைத்தான் ஏசும். அப்புறம் கழிப்பறையில் போய் அரை மணி நேரம் அழுதேன். அன்றைக்கு அந்த வரி சொன்னது உண்மை. கம்பம் ஏழின் மின்கலம் இறங்கிக்கொண்டிருந்தது. யாராவது படித்தீர்களா?

இன்னொன்றும் சொல்கிறேன், வயிறு எரிகிறது. எண் வராதபோது என் நிரல் ஒன்றும் சொல்லாமல் திரும்பியது. உன் நிரல் அதைச் சுழியம் என்று எடுத்துக்கொண்டு கோட்டைத் தரைக்கு இறக்கியது. பெரியவர் பயந்துபோனார். "டோரி, தாயே, எண் கிடைக்கலைன்னா கடைசி எண்ணையே திருப்பிச் சொல்லச் சொல்லு, என் மானத்தைக் காப்பாத்து" என்று என் மேசை முன்னால் வந்து நின்றது நீதான். ஒரு நிபந்தனை போட்டுத்தான் ஒப்புக்கொண்டேன். ஒவ்வொரு நிரலுக்கும் இரண்டு வாய். ஒன்று பதிலுக்கு, மற்றது புலம்பலுக்கு. உன் நிரல் என் நிரலைக் கூப்பிடுகிற பீஓப்பன் குழாய் முதல் வாயில் மட்டும்தான் மாட்டும். இரண்டாவது வாய் திரையில் கத்தட்டும், "இது பழைய எண், நம்பாதே" என்று. எண் பழசென்றால் போகும்போது என் நிரல் மூன்று என்ற எண்ணைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும், சரியான எண்ணென்றால் சுழியம், அதையும் வாங்கிப் பார் என்றேன். தலையை ஆட்டினாய்.

அத்தை நன்றாக இருக்கிறாள். மேலே வரமாட்டாள். சங்கைச் சோதித்த அன்று ஊருக்கெல்லாம் தேநீர் போட்டுக் கொடுத்தாளே, கேள்விப்பட்டாயா? "என் மகன் சூவாவுல உக்காந்துகிட்டு ஆத்தைப் பாத்துட்டிருக்கான்டி. தண்ணி வந்தா அவன் ஊதுவான். அவன் ஊதினா நான் ஓடறேன். அதுவரைக்கும் என் அடுப்பை விட்டு எங்க போறது?" என்கிறாள். உன்னைப் பெற்ற வயிறு, பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும்.

டோரிகா


சூவா
20 ஜனவரி

மாமன் மகளே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் காது சிவந்துபோனேன். அது கேலிதான் டோரி. வேறு யாரைச் சொன்னாலும் தப்பு, உன்னைச் சொல்லலாம் என்றுதானே சொன்னேன். எனக்கொரு தங்கை இருந்தால் அவளைச் சொல்வேனா? நீ கழிப்பறையில் அழுதது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயும் வந்து கதவைத் தட்டிக் கேலி செய்திருப்பேன்.

கவலைப்படாதே, இப்போது திரை பளிச்சென்று இருக்கிறது. நீ ஊருக்குக் கிளம்பிய அந்த வாரமே ஒரு சின்ன வேலை செய்தேன், பத்துப் பன்னிரண்டு எழுத்துதான், நேரில் சொல்கிறேன். பெரியவர் ஏப்ரலில் என்னை மூத்த அலுவலராக்கப் போகிறார். காகிதம் மேலே போயிருக்கிறது. புயல் மாதம் முடிகிறவரை நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று சுற்றறிக்கையும் போட்டிருக்கிறார். நல்லதுதான், கை நமைச்சல் எடுத்தவர்கள் ஏதாவது செய்து கெடுத்துவிடுவார்கள்.

அம்மாவுக்கு இத்துடன் இரண்டு கஜம் துணி. பூ போட்டது. அவளுக்குப் பிடிக்காது, நீ எடுத்துக்கொள்வாய் என்று தெரிந்தே அனுப்புகிறேன்.

கிட்டியோனி


நாகாவிகா
3 பிப்ரவரி

மூத்த அலுவலர் ஆகப் போகிற துரையே,

துணி கிடைத்தது. அத்தைக்குப் பிடித்துவிட்டது, அதனால் நான் உன்மேல் இன்னும் கோபமாக இருக்கிறேன்.

அலுவலகத்தில் எல்லாரும் தூங்குகிறீர்களா? போன சனிக்கிழமை, 29ஆம் தேதி, மலையில் பெய்த மழையில் ஒரு பெரிய மரம் வேரோடு வந்து பாலத்தில் மோதியது. கம்பத்துப் பெட்டி பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கேபிள் வெட்டிப்போட்ட விலாங்கு மாதிரி தொங்குகிறது. ஊர்த்தலைவர் வீட்டு ரேடியோ கம்பமும் அதே காற்றில் சாய்ந்துவிட்டது, அதனால் கூப்பிடவும் வழியில்லை. ஐந்து நாளாக என் நிரல் உன் திரையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்குமே! இன்னும் ஒருத்தரும் வரவில்லை. பழுது பார்க்கிற வண்டிக்கு எண்ணெய் இல்லையா, உங்களுக்கு முதுகெலும்பு இல்லையா?

பாலத்துத் தூணில் நானே சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கிறேன். மரம் மோதிய அன்று ராத்திரிக்குள் தண்ணீர் ஏறி நாலு மீட்டர். இன்று மூன்று இருபது. தண்ணீர் மஞ்சளாகத்தான் ஓடுகிறது, இன்னும் தெளியவில்லை.

மூத்த அலுவலர் நாற்காலி வசதியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேரம் கிடைத்தால் ஆளனுப்பு.

டோரிகா


சூவா
7 பிப்ரவரி

விலாங்கு தின்னிகளின் ராணியே,

சபாஷ்! இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அக்டோபர் மாதக் கேலிக்குப் பிப்ரவரியில் பதில். மூன்று மாதம் உட்கார்ந்து யோசித்தாயா? மரம் வந்து மோதியதாம், பெட்டி பிய்ந்துபோனதாம், கேபிள் விலாங்காகத் தொங்குகிறதாம்! நான் அலறிக்கொண்டு பழுது வண்டியை அனுப்ப வேண்டும், நாலு மணி நேரம் மலையேறி வந்த நம் ஆட்களைப் பெட்டி பார்த்துச் சிரிக்க வேண்டும், பெரியவர் முன்னால் என் மூக்கு உடைய வேண்டும். நடக்காது பெண்ணே.

இந்த நிமிடம் திரையைப் பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நாகாவிகா, இரண்டு மீட்டர் பத்து. நேற்று இரண்டு மீட்டர் பத்து. போன வாரமும் அதேதான். கோடு வடம் பிடித்துக் கட்டின மாதிரி நேராக இருக்கிறது. உங்கள் ஆறு உன்னைவிட அடக்கமானது. திரையில் ஒரு புலம்பல் வரி கிடையாது.

இருந்தாலும் ரசித்தேன். என் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன், குடித்துக்கொண்டிருந்த யங்கோனா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அந்தப் பொண்ணு கிட்ட ஜாக்கிரதை, அடுத்த தடவை உங்க அம்மாவையே ஆத்துல விட்டுடுவா" என்றார்.

கிட்டியோனி


நாகாவிகா
11 பிப்ரவரி

கிட்டி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். "இது கேலியில்லை" என்று எழுத ஆரம்பிக்கிறேன், நமக்குள் அப்படிச் சொல்லித்தான் எப்போதும் கேலி செய்வோம். போன வருடம் உன் வீடு பற்றி எரிகிறது என்று நான் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? அப்போதும் "சத்தியமா கேலியில்லை" என்றேன். நீ ஓடியே போனாய். இப்போது யோசித்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதனால் பேச்சை விடுகிறேன். இந்த உறையில் ஒரு சாண் கேபிள் இருக்கிறது. நுனியில் பித்தளைத் தகடு. அதில் நாலு என்று நீயே ஆணியால் கீறியது, கோணலாக. எங்கள் பாலத்துக் கம்பத்தில் நீயும் நானும் சேர்ந்து கட்டியது. தொட்டுப் பார்.

இப்போது நான் கேட்பதற்குப் பதில் சொல். எந்த ஊரில் ஆறு ஒன்பது நாள் ஒரே அளவில் படுத்திருக்கும்? குட்டைகூட வெயிலில் ஒரு விரல் குறையும். கம்பம் செத்துவிட்டது. என் நிரல் கடைசியாகக் கேட்ட எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, நீ கேட்டபடி. அது கூடவே கத்த வேண்டுமே. உன் திரையில் ஏன் சத்தம் இல்லை? அந்தப் பத்துப் பன்னிரண்டு எழுத்து என்ன? இரண்டாவது வாயை என்ன செய்தாய்?

மழை விடவில்லை. தூணில் மூன்று எண்பது. அத்தை துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். "சங்கு வச்ச பையனோட அம்மா" என்று பாதிரியார் சொன்னாராம். வீடு வந்தும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

டோரிகா


சூவா
17 பிப்ரவரி

டோரி,

உறை திங்கட்கிழமை கிடைத்தது. கேபிளைக் கையில் எடுத்துத் தகட்டைத் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கோணல் நாலு என் கைதான்.

உன் நிரலைத் தனியாக, என் குழாய் இல்லாமல், நேரே ஓடவிட்டுப் பார்த்தேன். 2.10 என்றது. அதற்குக் கீழேயே, "கம்பம் 4 பதில் தரவில்லை. இது பழைய எண். நம்பாதே" என்றது. இப்போது 19 நாளாகிறது. கணக்குப் போட்டால் ஆயிரத்து எண்ணூறு தடவைக்கு மேல் கத்தியிருக்கிறது. அத்தனையையும் நான்தான் கேட்க விடாமல் செய்தேன்.

சொல்லிவிடுகிறேன். பீஓப்பனுக்குள் உன் நிரலின் பெயரை எழுதுகிற வரி இருக்கிறதல்லவா, அதன் வாலில் 2 என்று போட்டு, ஒரு அம்புக்குறி போட்டு, எதை எறிந்தாலும் திரும்பி வராத அந்தக் குழிக்கு இரண்டாவது வாயைத் திருப்பி வைத்தேன். திரை சுத்தமாக இருக்கட்டும் என்று. பெரியவர் தோளில் தட்டிக் கொடுத்தார். முடிகிறபோது நீ கையில் கொடுக்கிற மூன்றையும் வாங்கவில்லை. குழாயை மூடுகிற பீகுளோஸ் அதை நீட்டுகிறது, நான் கையே நீட்டவில்லை. வரைபடத்துக்கு அது தேவைப்படவில்லை என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பெரியவரிடம் போனேன். பாதிதான் சொன்னேன். கம்பம் பழுதாகியிருக்கலாம், நிரலில் ஒரு வரி மாற்ற வேண்டும் என்றேன். வாலில் என்ன எழுதியிருந்தேன் என்று சொல்லவில்லை. "சுற்றறிக்கை போட்டது யாருக்குய்யா? ரெண்டு வருஷம் முன்னாடி சங்கு தப்பா ஊதி ஒரு கிழவருக்குக் கால் ஒடிஞ்சுது, மறந்துட்டியா? ஆறு ஏறுதுன்னு எண் சொல்லட்டும், கடுதாசி சொல்லக் கூடாது" என்றார். திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேசலாம் என்கிறார். கையால் ஊதுகிற சாவியும் அவர் மேசையில்தான்.

எனக்கே கடவுச்சொல் தெரியும். இப்போதே மாற்றலாம். உட்கார்ந்தேன், விசைப்பலகையில் கை வைத்தேன். மாற்றினால் யார் மாற்றினார், எதை மாற்றினார் என்று பதிவாகும். ஏப்ரல் காகிதம் இன்னும் மேலேதான் இருக்கிறது. திங்கள்வரைதானே என்று எழுந்துவிட்டேன். உன்னிடம் மறைக்கவில்லை, பார்.

வனுவாட்டு பக்கம் ஒரு புயல் கிளம்பியிருக்கிறது. நம் பக்கம் திரும்பலாம் என்கிறார்கள். அம்மாவைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போ. நான் சொன்னேன் என்று சொல். சங்கை நம்ப வேண்டாம் என்று சொல். நாளைக்கு வெள்ளிக்கிழமை லாரியில் இது வரும்.

கிட்டி


நாகாவிகா
22 பிப்ரவரி, செவ்வாய், காலை

கிட்டி,

லாரிக்காரர் என்ஜினை அணைக்காமல் நிற்கிறார். இன்றைக்குப் பிறகு பாலம் தாங்காது, இதுதான் கடைசி என்கிறார். வேகமாக எழுதுகிறேன்.

தூணில் நாலு அறுபது. ஞாயிறு முதல் லாலி மரமுரசை அடித்து நாற்பத்தொரு வீட்டாரை மேட்டுக்கு ஏற்றிவிட்டோம். பன்றி, கோழி, பாய், பைபிள் எல்லாம் ஏறிவிட்டன. உன் அம்மா ஏறவில்லை.

உன் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டினேன், ஒரு எழுத்து விடாமல். கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"போடி. நீ அவனுக்கு மாமன் மகள். ரெண்டு பேரும் சேர்ந்து இந்தக் கிழவியை வச்சு விளையாடறீங்க. அவனே எழுதிட்டானாம், சங்கை நம்பாதேன்னு! என் பிள்ளை அப்படி எழுதுவானா? அன்னிக்கு அவன் வீடு எரியுதுன்னு ஓட வச்சவதானே நீ?"

"அத்தை, சத்தியமா இது கேலியில்லை."

"அன்னிக்கும் இதையேதான் சொன்னே" என்று சிரித்தாள்.

அப்பா வாசலில் நிற்கிறார். அக்காவிடம் தம்பி நேரே பேசக் கூடாதே, வேறு வழியில்லாமல் என் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறார், "சொல்லு, சொல்லு" என்று. வாழ்நாளில் முதல் தடவையாக அவரே வாயைத் திறந்து "அக்கா" என்றார். அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. முறை கெட்டுப்போச்சு என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே கிழங்கு வேகிற வாசனை வருகிறது. "சங்கு ஊதட்டும், வரேன். அவன் பாத்துட்டுத்தான் இருக்கான்" என்று உள்ளேயிருந்தே சொல்கிறாள்.

ஊது. எந்த எண்ணுக்கும் காத்திருக்காதே. பொய்யாக வேண்டுமானாலும் ஊது. கால் ஒடிந்தால் என்னுடையது ஒடியட்டும்.

லாரிக்காரரிடம் நேரே உன் மேசையில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ போன வெள்ளிக்கிழமை கடிதத்தை ஏற்றியதற்குப் பதில் நீயே லாரியில் ஏறியிருக்கலாம்.

டோரிகா


சூவா
23 பிப்ரவரி, புதன்

டோரி,

லாரி வழியில் மரம் விழுந்து ராத்திரி முழுவதும் நின்றுவிட்டதாம். பத்தரைக்குத்தான் உன் கடிதம் கைக்கு வந்தது. லாரிக்காரர் நனைந்துபோய் வந்து நின்று நீட்டினார்.

திங்கட்கிழமைக் கூட்டம் இன்றைக்குத் தள்ளிப்போயிருந்தது. எல்லாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். நான் போகவில்லை. வாலில் இருந்ததை அழித்தேன். பீகுளோஸ் கொடுப்பதை வாங்கி, சுழியம் இல்லையென்றால் ஊது என்று எழுதினேன். மொழிமாற்றி ஓடவிட்டேன். நாலு நிமிடம். இவ்வளவுதான் வேலை, டோரி. ஒரு வாரமாக என் கையில் இருந்த நாலு நிமிடம்.

பத்து நாற்பதுக்கு நாகாவிகா சங்குக்குக் கட்டளை போனது. போய்ச் சேர்ந்தது என்று பதிலும் வந்தது. சங்கு ஊதிக்கொண்டிருக்கிறது. அம்மா கேட்டிருப்பாள். இப்போது பாயைச் சுருட்டிக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டே மேடு ஏறிக்கொண்டிருப்பாள். அவள் மெதுவாக ஏறுவாள், முழங்கால் வலி. யாராவது கை கொடுக்கச் சொல்.

சாலை மூடிவிட்டார்கள். இந்தக் கடிதம் எப்போது வரும் என்று தெரியவில்லை. அம்மா மேலே வந்துவிட்டாளா என்று ஒரு வரி. ஒரு வார்த்தை போதும்.

கிட்டி


நாகாவிகா
4 மார்ச்

திரு. கிட்டியோனி ரசாக்கு அவர்களுக்கு,

"அத்தை பெற்ற ரத்தினமே" என்று எழுதிவிட்டு அடித்தேன். பிறகு இப்படி எழுதினேன். இதுவும் சரியில்லை. இருக்கட்டும்.

செய்தி உனக்கு ஆள் மூலம் வந்திருக்கும். அதற்கு முன்னால் நடந்ததை நான் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை விடிந்தபோது தூணில் என் சுண்ணாம்புக் கோடுகள் எதுவும் தெரியவில்லை. எட்டு மணிக்கு மூன்று பையன்கள் மூங்கில் தெப்பத்தில் போனார்கள். அத்தை வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், உன் பூப்போட்ட சட்டை போட்டுக்கொண்டு, பாய் சுருட்டி மடியில். ஏறுவதற்குத் தயாராகத்தான் இருந்தாள். "இன்னும் ஊதலியே" என்றாளாம். ஒருத்தன் கையைப் பிடித்தான். அவளும் எழுந்தாள். அந்த நேரம் ஆற்றின் மேற்பக்கம் தேங்கியிருந்த மரக்குவியல் உடைந்து வந்தது. தெப்பம் கவிழ்ந்தது. பையன்கள் மாமரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வீடு ஒன்பது மணிக்குப் போனது. நான் மேட்டில் நின்று பார்த்தேன்.

பத்து நாற்பதுக்குச் சங்கு ஊத ஆரம்பித்தது.

நாங்கள் எல்லாரும் அதன் அடியில்தான் உட்கார்ந்திருந்தோம். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நீ நிறுத்தச் சொல்லி எழுதவில்லை போலிருக்கிறது. கம்பம் செத்ததுதானே, கால் மணிக்கு ஒரு தரம் என் நிரல் மூன்றைக் கொடுக்கும், உன்னுடையது ஊதும். இரண்டு நாள் ஊதியது. அப்பா தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு தடவை அது கேட்கும்போதும் "கேக்குதா அக்கா" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் கூரை ஏறிக் கம்பியை வெட்டினார்கள். அன்று மத்தியானம்தான் அத்தை கிடைத்தாள், மூன்று மைல் கீழே. ஞாயிற்றுக்கிழமை அடக்கம் செய்தோம். நீ வரவில்லை. சாலை இல்லை, தெரியும்.

நேற்று முன்தினம் உன் சித்தப்பாக்கள் காணிக்கைத் திமிங்கிலப் பல்லோடு வந்து ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டார்கள். உன் தவறை அவர்கள் வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். பெரியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். முறைப்படி அத்தோடு முடிந்தது. இனி இந்த ஊரில் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், உனக்கு இங்கே சோறும் பாயும் எப்போதும் போல உண்டு.

ஆனால் ஒன்றை அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு உரிமை இல்லை, இங்கே சொல்கிறேன். தவறு உன்னுடையது மட்டும் என்று என்னால் ஏச முடியவில்லை. தெரியாத எண்ணைத் தெரிந்த மாதிரி சொல் என்று நீ கேட்டாய். எழுதிக் கொடுத்தது என் கை. நம்பாதே என்று ஓரமாகக் கத்தினால் போதும் என்று நினைத்தேன். தெரியாதபோது தெரியாது என்று முதல் வாயாலேயே சொல்லியிருக்க வேண்டும். அக்டோபரில் அந்தச் சிரிப்பில் எனக்கு வந்த கோபத்தையும் அன்றே உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் நான் ஊருக்கு வந்திருக்க மாட்டேன். உன் பக்கத்து நாற்காலியில் இருந்திருப்பேன். கோடு நேராகப் போன முதல் நாளே உன் மண்டையில் குட்டியிருப்பேன். நினைத்து நினைத்துப் பார்த்துச் சாகிறேன்.

நூறாம் நாள் ஜூன் மூன்றாம் தேதி வருகிறது. நீதான் ஒரே பிள்ளை, வந்துதான் ஆக வேண்டும். யங்கோனாக் கிண்ணத்தைச் சுற்றி எல்லாரும் உட்காருவார்கள். துக்கத்தை எடுத்துப் போடுகிற நாள், அன்றைக்கு மாமன் மக்களும் அத்தை மக்களும் பழையபடி கேலி பேச ஆரம்பிக்க வேண்டும், ஊர் காத்திருக்கும். எல்லாரும் உன் முகத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

கிட்டி, அன்றைக்கு என்னிடம் எதுவும் பேசாதே. நீ கேலி பேசினால் நான் சிரித்தாக வேண்டும்.

டோரிகா